ஐஸ் பெட்டியில் வந்த சீசா

போன வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். யாரோ ஒரு பெண்ணுடைய ஐந்து கருக்கள் திரையில் உருண்டை உருண்டையாகத் தெரிந்தன. எதை அவள் கருப்பையில் வைப்பது, எதை விடுவது என்று உங்களில் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒரு பிள்ளை, "இது தேறாது, தள்ளிடலாம்" என்றாள். எனக்குத் திக்கென்றது. குறையாகச் சொல்லவில்லை. உங்கள் படிப்பு வேறு, என் படிப்பு தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு சரி. ஆனால் 'தேறாது' என்று ஒருவர் சொல்லும்போது பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். அதனால்தான் திக்கென்றது.

பிறகு உங்கள் தலைமை டாக்டர், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது.

நான் வேலைக்குச் சேர்ந்தது மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்த ஒரு பெண்கள் கிளினிக்கில். மலாயா சுதந்திரம் வாங்கப்போகிற சமயம். எனக்கு இருபது வயது. கீழே கிளினிக், மேலே டாக்டரம்மாவின் வீடு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, காலையில் ஒரு குவளை வெறும் காப்பி. முக்கால்வாசி பிரசவ வேலைதான். ஆனால் புதன்கிழமை காலை நேரத்தைப் பிள்ளை இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். இன்று உங்களிடம் இருக்கும் சாமான்கள் எதுவும் அன்று கிடையாது. ஒரு பூதக்கண்ணாடி, அதாவது மைக்ரோஸ்கோப், சொட்டு வைத்துப் பார்க்கக் கொஞ்சம் கண்ணாடிச் சில்லு, டாக்டரம்மாவின் இரண்டு கண். அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. மனைவியைச் சோதித்துக் குறை இல்லை என்று தெரிந்தால் புருஷனையும் சோதிக்க வேண்டும். இப்போது உங்களுக்கு இது சாதாரணம். அப்போது இதைக் கேட்டாலே ஆண்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். டவுனில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, "நான் முப்பது வருஷமா யாவாரம் பண்றேன், என் சரக்க இதுவரைக்கும் ஒருத்தனும் சோதிச்சதில்ல!" என்று சத்தம் போட்டுவிட்டுக் குடையை மறந்து போய்விட்டார். அந்தக் குடைக்குக்கூட அவர் திரும்பி வரவில்லை.

என் வேலை, தரை துடைப்பது, சீசாக்களைக் கொதிக்கவைத்துக் காயவைப்பது, சோதனைக்கு ஒத்துக்கொண்ட ஆண்களிடம் ஒரு சீசாவைக் கொடுத்து மூன்று விஷயம் சொல்வது. சீசாவைக் கழுவக் கூடாது, சோப்புத் தண்ணீர் பட்டால் உயிரணு செத்துப்போகும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கிளினிக்குக்கு வந்துவிட வேண்டும். மூன்றாவது, வரும் வழியில் உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும், சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வர வேண்டும்.

முதல் இரண்டையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுவேன். மூன்றாவது எனக்கு வரவே வராது. கல்யாணமாகாத பெண், ஒரு முழு ஆம்பளையிடம் போய் 'அக்குள்' என்று எப்படிச் சொல்வது? அதனால் நானே அதைச் சுருக்கி, "கெட்டுப்போகாம கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வேட்டி மடிப்பிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொண்டு வந்தார்கள். மலாக்கா வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஒரு சீசாவும் கெடவில்லை. அதனால் நான் செய்வது தப்பு என்றே எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பாதி வேலை செய்தும் பலன் முழுசாக வந்துகொண்டிருந்தால் அதுதான் ஆபத்து.

மாணிக்கம் அண்ணன் வந்தது அப்படி ஒரு புதன்கிழமை. கிளேபாங்கில் வீடு. ஐஸ் தொழிற்சாலையில் வேலை. பெரிய ஐஸ் கட்டிகளை அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, மீன்காரர்களுக்கு லாரியில் ஏற்றிவிடுவார். கையெல்லாம் காய்ப்பு. அவர் மனைவி பவளம். கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. ஏழு வருஷமும் மாமியார் பேசின பேச்சைக் கேட்டுக் கேட்டு, யாராவது அதட்டினாலே தலையைக் குனிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டிருந்தது அவளுக்கு. டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, "இந்தப் பிள்ளையில ஒரு குறையும் இல்லை. இனி உம்மைத்தான் சோதிக்கோணும்" என்று மாணிக்கம் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

அவர் கோபப்படவில்லை. "சரிங்கம்மா, என்னா செய்யணும்?" என்று கேட்டார். அப்படிக் கேட்ட முதல் ஆண் அவர்தான். நான் சீசாவைக் கொடுத்தேன். கழுவாதீங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள வாங்க, கெட்டுப்போகாம கொண்டு வாங்க.

"கெட்டுப்போகாமயா? அதப்பத்திக் கவலப்படாத தங்கச்சி, அது நம்ம தொழிலு" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் சீசா வந்தது. வாங்கும்போது என் கை விறைத்தது. அவ்வளவு ஜில்லென்று இருந்தது. மூடியைச் சுற்றி மரத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்கு அழுக்குச் சீசா பிடிக்காது. அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு துணியை எடுத்து மரத்தூளைச் சுத்தமாகத் துடைத்து, ஈரத்தையும் ஒற்றி எடுத்து, பளபளவென்று உள்ளே கொண்டுபோய் வைத்தேன். 'ஏன் இப்படி ஜில்லென்று இருக்கிறது' என்று மனசுக்குள் கேள்வி வந்தது. டாக்டரம்மா பெரிய படிப்புப் படித்தவர், அவருக்குத் தெரியாததா என்று அதையும் துடைத்துப் போட்டுவிட்டேன்.

டாக்டரம்மா பார்த்தார். ஒரு சில்லு, இன்னொரு சில்லு. பிறகு மாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஒண்டுகூட அசையேல்லை. எல்லாம் செத்துக் கிடக்கு. ஒண்டு ரெண்டு உயிரோட இருந்தாலும் மருந்து சொல்லுவன். இது தேறாது, தம்பி."

அவர் காய்ப்பு விழுந்த தன் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப பவளத்து மேல தப்பே இல்லைங்களாம்மா?"

"இல்லை."

"ஏழு வருஷமா அவளையில்ல பேசினோம்" என்றார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் போனார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். சீசாவின் குளிர் இன்னும் என் விரலில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவருடைய அம்மா வந்து நின்றார். கிளினிக் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஏ பொண்ணு, எங்கடி உங்க டாக்டரம்மா? எம்புள்ளைக்கு ஒரு மருந்து இல்லியா? அவன் பைத்தியக்காரத்தனமா பொண்டாட்டியக் கொண்டுபோய் அண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்துட்டான்! 'எங்கிட்ட இருந்தா உனக்குப் புள்ள பொறக்காது, வேற எடத்துல போயி நல்லா வாழு'ன்னு பெரிய தருமரு மாதிரி சொல்லிட்டு வந்திருக்கான்!"

பவளத்தின் அண்ணன் செங் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தான். சுதந்திரம் வந்தால் நம்மை என்ன செய்வார்களோ, குடியுரிமை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் அப்போது நிறையப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவில் சொந்த ஊருக்குப் போனார்கள். அவனும் போகிறான். குடும்பத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது தங்கைக்கும் சேர்த்து எடுத்துவிட்டான். வியாழக்கிழமை மத்தியானம் லாரி ஏறிப் பினாங்குக்கு, அங்கிருந்து கப்பல்.

"ஏழு வருஷம் வாய் கிழியப் பேசினேன், இப்ப வீட்டுல பேசறதுக்கு ஆளில்ல" என்று அந்த அம்மா மூக்கைச் சிந்தினார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "எம்புள்ள மாதிரி அக்கறையா யாரு கொண்டு வந்திருப்பா? சின்னப் பெட்டி ஒண்ணு செஞ்சு, அடியில ஐஸ், மேல ஐஸ், சுத்தி மரத்தூளு. சிங்கப்பூருக்கு மீன் அனுப்பற மாதிரியில்ல கொண்டு வந்தான்! அதுவே செத்துப்போச்சுன்னா அப்புறம் எதுதான் பொழைக்கும்?"

அன்று சீசா ஏன் ஜில்லென்று இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நின்றேன். திரும்பி வந்தேன். மறுபடியும் உள்ளே போனேன்.

"என்ன பிள்ளை, நடை பழகுறியோ?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்குள் என்ற வார்த்தையை நான் ஒருவரிடமும் சொன்னதே இல்லை என்பதையும் சொன்னேன். மரத்தூளைத் துடைத்ததையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். 

"குளிர்ல வைச்சா அது செத்துப்போகும். சீசா எப்பிடி வந்தது எண்டு நான் கேக்கேல்லை, அது என்ர பிழை. நீ சொல்லேல்லை, அது உன்ர பிழை. ரெண்டு பேரும் இருந்து அழுதால் அந்தப் பிள்ளை கப்பலேறிப் போயிடும். இப்ப எழும்பு. அவனைத் திரும்பவும் ஒரு சீசா கொண்டுவரச் சொல்லு. புதன்கிழமை காலமை."

"நானாம்மா?"

"நீதான். அந்த மூண்டாவதைச் சொல்ல வேண்டியவள் நீதானே?"

செவ்வாய்க்கிழமை ஐஸ் தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே ஒரு பெண்கூட இல்லை. இருபது ஆண்கள், எல்லாரும் இடுப்புக்கு மேல் சட்டையில்லாமல் ஐஸ் கட்டியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசல் தூணைப் பார்த்து, "மாணிக்கம் அண்ணன் இருக்காங்களா?" என்று கேட்டேன். தூண் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து ஒருவன், "மாணிக்கண்ணே, உங்களத் தேடி ஒரு பொண்ணு வந்திருக்கு, ஆனா தூணுகூடதான் பேசுது!" என்று கத்தினான். சிரிப்பு. அவர் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஐஸில் வைத்ததால் செத்திருக்கலாம், தப்பு என் மேல், மறுபடியும் ஒரு தடவை கொடுங்கள் என்றேன்.

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "வேணாம் தங்கச்சி. செத்தவனுக்கு எதுக்கு ரெண்டாவது சாவு சர்டிபிகேட்டு? ஒண்ணு போதும்."

"அப்ப அக்காவக் கப்பல் ஏறாம நிறுத்துங்க."

"என்னான்னு சொல்லி நிறுத்துவேன்? உசுரு இருந்தாலும் இருக்கும், இல்லாட்டி இல்லன்னா? அவ பாவம், இன்னும் ஏழு வருஷம் காத்திருக்கணுமா?"

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பெரும்பாலும் என் மேல்தான். தூணை விட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "அண்ணே, நாளைக்குக் காலையில கொண்டு வாங்க. ஐஸ் வேணாம். பெட்டி வேணாம். சட்டைக்குள்ள விட்டு, அக்குள்ல இடுக்கிக்கிட்டு வாங்க. அக்குள்ல!"

ஐஸ் இழுத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. ஒரு ஐஸ் கட்டி மட்டும் தானாக வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. மாணிக்கம் அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "சரி சரி, கத்தாத. வர்றேன்" என்றார்.

புதன்கிழமை காலை எங்கள் சாலை முழுக்கக் கொடி. சுதந்திர விழாவுக்காகப் பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வல ஒத்திகை. யாரோ பெரிய அதிகாரி பார்க்க வருகிறாராம். எனக்கு இது முன்னாலேயே தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. எட்டு மணிக்கெல்லாம் முச்சந்தியில் கயிறு கட்டி, யாரையும் விடாமல் போலீஸ் நிறுத்திக்கொண்டிருந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள் பயம் முழுசாகப் போகாத காலம். மூட்டை வைத்திருந்தால் அவிழ்த்துக் காட்ட வேண்டும்.

நான் கிளினிக் வாசலில் நின்றேன். எட்டரைக்கு அண்ணன் சைக்கிளில் வருவது தெரிந்தது. வலது கையால் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தார். இடது கை உடம்போடு ஒட்டியிருந்தது. சட்டை ஒரு பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது. சைக்கிள் அப்படியும் இப்படியும் ஆடியது. கயிற்றுக்கு முன்னால் ஓர் இளம் மலாய்ப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. போலீஸ்காரர் இரண்டு கையையும் தூக்கச் சொன்னது மட்டும் சைகையில் தெரிந்தது. அண்ணன் வலது கையைத் தூக்கினார். இடது கை அசையவில்லை. போலீஸ்காரர் மறுபடியும் சொன்னார். அண்ணன் வலது கையை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கினார்.

போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போய் விசிலை வாயில் வைத்தார். இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பக்கத்தில் கொடியோடு நின்ற பிள்ளைகளை ஆசிரியர்கள் அவசரமாகப் பின்னுக்குத் தள்ளினார்கள். சட்டைக்குள் என்ன என்று கேட்கிறார்கள், அண்ணன் 'மருந்து' என்கிறார், காட்டு என்கிறார்கள், மாட்டேன் என்று தலையாட்டுகிறார். வெளியே எடுத்தால் சூடு போய்விடும். அதைச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. அங்கே நூறு பேர் நிற்கிறார்கள். எட்டு மணிக்கு எடுத்துக்கொண்டு கிளம்புவதாக அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் உள்ளே எட்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிஷம்தான் பாக்கி.

அந்த இடத்தில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். மாடிக்கு ஓடி, அவர் குடையைத் தேடி, இறங்கி வருவதற்குள் அவர்கள் அண்ணன் சட்டையைக் கிழித்திருப்பார்கள். நான் ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. மலாய் பேசும் செட்டிகள் வாழ்கிற செட்டிக் கம்பத்துப் பக்கத்தில் வளர்ந்தவள் என்பதால் மலாய் எனக்குத் தமிழ் மாதிரியே வரும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மலாயில் கத்தினேன்.

"வெடிகுண்டு இல்ல தூவான்! அது அவரோட விதை! பிள்ளை உண்டாகிற விதை! சோதிக்கக் கொண்டு வர்றாரு, வெளிய எடுத்தா குளிர்ந்து செத்துப்போகும்! கையைத் தூக்கச் சொல்லாதீங்க!"

சாலை அப்படியே நின்றது. எனக்கு என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவது கேட்டது. மாணிக்கம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இளம் போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், அண்ணனின் சட்டைப் புடைப்பைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டார்.

முதலில் சிரித்தது ஓரத்தில் பலகாரம் விற்றுக்கொண்டிருந்த மலாய் அம்மாள். "அடே தம்பி, அவனை விடு! நாடு சுதந்திரம் வாங்கப்போகுது, வாழறதுக்குப் பிள்ளைங்க வேணாமா?" என்று மலாயில் சத்தமாகக் கேட்டாள். கூட்டம் சிரித்தது. ஆசிரியர்கள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தார்கள். போலீஸ்காரர் கயிற்றை அவிழ்த்து, விசில் ஊதி, ஊர்வலத்தையே ஓரமாக ஒதுக்கி வழிவிட்டார். அண்ணன் ஒற்றைக் கையால் சைக்கிளை மிதித்துக்கொண்டு இரண்டு வரிசைக்கு நடுவே போனார். எதற்கென்று தெரியாமலே பிள்ளைகள் எல்லாரும் கொடியை ஆட்டிக் கைதட்டினார்கள். அப்படி ஒரு வரவேற்பு அன்றைக்கு வந்த அதிகாரிக்குக்கூடக் கிடைக்கவில்லை.

சீசாவை வாங்கினேன். வெதுவெதுவென்று இருந்தது. இந்தத் தடவை உள்ளே போகும்போதே, "அக்குள்ல வச்சுக் கொண்டு வந்தாரும்மா, சூடு இருக்கு, முக்கால் மணி ஆச்சு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குனிந்தார்.

ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். 

"இஞ்ச வா. பார்."

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முதலில் என் இமைதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. சிலது சும்மா கிடந்தன. சிலது ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் மிச்சம் எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன, மழைத் தண்ணீரில் தலைப்பிரட்டைகள் போகிற மாதிரி.

"கொஞ்சம் குறைவுதான். ஆனா ஒரு பிள்ளைக்கு ஒண்டு காணும், அது போதும்" என்றார் டாக்டரம்மா. எழுந்து வெளியே போனார். நான் அதுவரை பார்த்திராத ஒன்றை அன்று பார்த்தேன். அவர் மாணிக்கம் அண்ணன் முன்னால் நின்று, "நான் சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். அண்ணன், "நான் போயிட்டு வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பவளம் இருந்த செங் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் வந்தது. யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும், வாங்குகிறவள் கையால் தொட்டுப் பார்த்து, சூடா குளிரா, எப்போது எடுத்தது, எதில் வந்தது என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்தால் டாக்டரம்மா பூதக்கண்ணாடிப் பக்கமே குனிய மாட்டார். கைகட்டி உட்கார்ந்துகொள்வார். தரை துடைக்கிற பெண் சொன்னால்தான் டாக்டர் வேலையைத் தொடங்குவார். எனக்கு அது பழகவே ஒரு வருஷம் ஆயிற்று.

உங்களிடம் சூடு காட்டும் கருவி இருக்கிறது. மணி அடிக்கும் பெட்டி இருக்கிறது. நல்லது. ஆனாலும் ஐந்தில் ஒன்றை எடுத்து நாலைத் தள்ளும்போது, தள்ளுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது இயல்பிலேயே இப்படியா, அல்லது நம் கைக்கு வந்து சேர்ந்த வழியில் இப்படி ஆனதா? பெட்டியைத் திறந்தவள், தட்டை நகர்த்தினவள், கதவைச் சரியாக மூடினோமா என்று யோசித்தவள் யாராவது உங்களில் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு வாய் வராமல் இருக்கலாம். அவளை நீங்கள் கேளுங்கள். அந்த ஓரத்தில் நிற்பது நீங்களாக இருந்தால், வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். வெட்கம் இரண்டு நிமிஷம்தான். நான் நடுச்சாலையில் பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் முடித்தால் கோபித்துக்கொள்வீர்கள்.

கிளினிக் திறந்த உடனே பவளம் வந்தாள். பின்னால் மாணிக்கம் அண்ணன் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அதற்கும் பின்னால் மாமியார். பவளத்தின் அண்ணன் குடும்பத்தோடு லாரி ஏறத் தயாராகிக்கொண்டிருந்தானாம். இவள் மட்டும் போகவில்லை. எங்களைப் பார்த்துக் கும்பிடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீதானா அந்தப் பொண்ணு? நடுச்சடக்குல, ரோட்டுல அத்தன பேரு பாக்க எம்புருஷன் மானத்த வித்தது?"

என் தலை தானாகக் குனிந்தது.

"நிமிரு. உன்னத் திட்டறதுக்கு வரல" என்றவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். ஏழு வருஷமாகக் குனிந்திருந்த தலை நிமிர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். "அம்மா, நான் ஒண்ணு கேக்கணும். செத்துப்போச்சுன்னு நீங்க சொன்னீங்க, இவரு கொண்டுபோய் எறக்கி விட்டாரு. உசுரு இருக்குன்னீங்க, வந்து ஏத்திக்கிட்டாரு. நான் என்ன ஐஸ் கட்டியா? நீ போறியா இருக்கியான்னு எங்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

 மாமியார் வாயைத் திறந்தார். பவளம் அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"புள்ள பொறந்தாலும் சரி, பொறக்காட்டியும் சரி, நான் எங்கியும் போக மாட்டேன். அத மொதல்ல எழுதுங்க. அப்பறம் மருந்து எழுதுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவளுடைய நோயாளி அட்டையை எடுத்துவரச் சொன்னார். மாணிக்கம் அண்ணன் பெட்டியை இறக்கி வைக்கவும் மறந்து அப்படியே நின்றார். டாக்டரம்மா பேனாவைத் திறந்து, நோய் விவரம் எழுதும் இடத்தில், அழகான ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். எழுதி முடித்ததும், "வாசிக்கிறன், கேளுங்கோ" என்று எங்கள் எல்லாருக்கும் தமிழில் படித்துக் காட்டினார்: "நோயாளி எங்கேயும் போகமாட்டார்."

அடுத்த சுதந்திர தினத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால் பவளத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ விவரத்தை அதே அட்டையில், அந்த வரிக்குக் கீழேதான் டாக்டரம்மா எழுதினார். அட்டையில் இடம் நிறைய இருந்தது. ஆனாலும் அந்த வரியை ஒட்டியே எழுதினார்.